நாற்பது நிமிட உறக்கம்

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர், ஐயா. அதனால் இதை முதலில் சொல்கிறேன். எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எது கெட்டாலும் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது. எங்கும் எழுதப்படாத விதி. குரங்கணிச் சரிவு முழுவதும் அதற்குக் கட்டுப்படுகிறது. காய் நிறம் வெளுத்தாலும் மோட்டார் கருகினாலும் 'கரண்டு போயிருச்சு' என்றால் போதும். முதலாளி பிரேம்சிங் முதல் மூட்டை தூக்குபவர் வரை தலையசைத்துக் கலைந்துவிடுவார்கள். சிந்திக்கச் சோம்பும் மனிதர்களுக்கு மின்சாரம் வசதியான தெய்வம்.

நான் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப்போய் அந்த ஸ்டோரின் கணினியைப் பராமரிப்பவன். விறகடுப்பில் சூடேறும் உலர் அறையின் வெப்பத்தையும், புகையை வெளியே தள்ளும் காற்றாடியையும் ஆள்வது அதுதான். மின்சாரம் நின்றால், பேட்டரி தீருமுன் அது தன் நினைவகத்திலுள்ள அனைத்தையும் வன்வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு உறங்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து விழிக்க வேண்டும். சில நாட்களில் அது உறங்க மறுத்தது. 'நினைவகம் ஒதுக்க இயலவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, பேட்டரி தீரும்வரை விழித்திருந்து அணைந்துபோனது. வெப்பப் பதிவு அழிந்தது; காய் வெளுத்தது. எல்லோரும் 'கரண்டு போயிருச்சு' என்ற அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள்.

எனக்கு அது அருவருப்பாக இருந்தது. ஆறு நாட்கள் பதிவுகளை வரிவரியாக வாசித்தேன். உறங்க மறுத்த போதெல்லாம் அறைக்குள் ஓர் ஆள் இருந்திருக்கிறார். எனக்கு முன்பிருந்த ஜோசுவா, விஷப்புகை அலாரத்துக்கென ஒரு நிரல் எழுதியிருந்தார். ஏலக்காய்த் தட்டுகளைக் கிளற ஆள் உள்ளே போனதும் அது நினைவகத்தின் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்ளும். அவர் வெளியேறும்வரை விடாது. நகலெடுக்க இடமிருக்காது. கருணையின் பெயரால் எழுதப்பட்ட மட்டமான நிரல். அதன் பிடியைத் தளர்த்தினேன். இனி ஆள் உள்ளே இருந்தாலும் கணினி உறங்கும்; அதனோடு அலாரமும் உறங்கும்.

பிழை தோன்றிய சூழலிலேயே சோதிக்காதவரை எந்தத் திருத்தமும் திருத்தமாகாது. எரியும் அடுப்பு இருந்தது. மின்தடையை நானே உண்டாக்கலாம். உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

உக்கிரபாண்டியை அழைத்தேன். தட்டுக் கிளறுவதில் இருபது ஆண்டு அனுபவம், வேறெதிலும் இல்லை. முற்பகல் பதினொரு மணி. வாசலில் நின்று சிரித்தார்.

"மெசினு தூங்கவா சார் இம்புட்டுச் சோலி? எங்க வீட்டுக்காரிகிட்ட விடுங்க, ரெண்டு வசவுல தூங்கிரும்."

"உள்ள போங்க."

"போறேன் சார். அது தூங்கிருச்சுன்னா அலாரத்த யாரு அடிக்கிறது?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. போங்க."

வெப்பம் தப்பாமலிருக்கக் கதவை வெளியே தாழிடுவது வழக்கம், தாழிட்டேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். காற்றாடி நின்றது. ஐம்பத்திரண்டு நொடிகளில் கணினி பிழையின்றி உறங்கியது. அடுப்புக் குழாயில் விரிசல் இருப்பது எனக்குத் தெரியும். காற்றாடி நின்றால் புகை எங்கே போகும் என்பதும் தெரியும். இங்கே மின்தடை வழக்கமாக நாற்பது நிமிடம். ஆகவே நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இடையில் கதவு சிலமுறை தட்டப்பட்டது. பாதியில் சூழலை மாற்றினால் சோதனை செல்லாது. பிறகு தட்டப்படவில்லை.

சுவிட்சை ஏற்றியதும் கணினி விட்ட இடத்திலிருந்து விழித்தது. உக்கிரபாண்டி விழிக்கவில்லை.

முற்றத்தில் கூடியவர்களிடம் நானும் அந்த வாக்கியத்தையே சொன்னேன். தலைகள் அசைந்தன. அவர்களது மடமையை அன்று மதித்த அளவுக்கு நான் என்றும் மதித்ததில்லை. உக்கிரபாண்டியின் மனைவி சுருளியம்மாள் மட்டும் நகரவில்லை. ஸ்டோருக்குப் பின்னாலிருக்கும் அவள் வீட்டுக்கும் அதே கம்பியிலிருந்துதான் மின்சாரம். கையில் துவையல் ஒட்டியிருந்தது.

"விடு ஆத்தா," என்றார் பிரேம்சிங். "கரண்டு போயிருச்சு. யாரு என்ன செய்ய?"

"கரண்டு போகல. பதினோரு மணிக்கு மேலதான் மிக்சியில தொவையல் அரைச்சேன். எங்க வீட்டுல ஓடுச்சுல்ல?" என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "நீதான்டா இறக்குன. நீதான்டா அவரக் கொன்ன."

இறக்கியது நான்தான், ஐயா; மறுக்கவில்லை. ஆனால் கொன்றதாகச் சொல்வது அறியாமை. அன்றைய பதிவைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு பிழைகூட இல்லை.