என் ரத்தம் மட்டும் பளபளன்னு

…அந்தக் கரண்டு கம்பெனி சிம்னிக்காரன் நாசமாப் போவ! பாருக்கா பூமாரி, இப்பத்தான் தொவச்சிப் போட்ட பாப்பா துணி, அதுக்குள்ள கரி. நீ புதுசா குடி வந்து கீற, இந்த எண்ணூர் பேஜாரு ஒனக்குப் போவப் போவத் தெரியும். குந்துக்கா. தூளியில மதி தூங்குது, எந்திரிச்சா மேலுக்கு ஊத்த அடுப்புல வெந்நி வெச்சிகினே பேசுறேன். நான் யாராண்டயும் வாயே தொறக்க மாட்டேன், வெக்கம்… இன்னா சிரிக்கிற? மெய்யாலும்!

அந்த வெக்கத்தாலதான மானம் போச்சி. ஜானட்டுன்னு ஒரு பொண்ணு, காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுது. பொகையத் துன்னுகினு கீற பொம்பளைங்க ரத்தம் வோணும்னு எங்க தெருவுல வந்து குத்தி எட்த்துகினு போச்சி. அப்பால எங்களக் கூட்டினு போயி காட்டிச்சி. ரத்தத்துல உசுரோட கீற செல்லுக்குள்ள ஏதோ மருந்து வுடுறாங்க. மெஷின்ல கண்ண வெச்சிப் பாத்தா, மத்தவளுங்களுது மங்கலு. என்னுது? மாதா கோயில் திருவிழா சீரியல் லைட்டு மாரி பச்சப் பச்சையா மின்னுது!

நல்லதா கெட்டதான்னு கேக்க வெக்கம். மண்டைய ஆட்டிட்டு வந்தேன். வந்தவ சும்மா கெடந்தனா? தண்ணிக் கொயாண்ட நின்னுகினு, "என் ரத்தந்தான் ஃபஸ்ட்டு"ன்னு பீத்திகினேன். மாமியாருக்கு மைசூர்பாகு வேற!

நேத்து ஜானட்டு வூட்டுக்கே வந்து சொல்லுது… இரும்புல துரு புடிக்கிற மாரி செல்ல அரிக்கிற ஆக்சிஜன் ஒண்ணு கீதாம். அது பட்டாத்தான் அந்த மருந்து மின்னுமாம். எவ்ளோ வெளிச்சமோ அவ்ளோ அரிப்பு. நான் துருப்புடிச்சதுக்கு ஸ்வீட்டு குட்த்துகீறேன்க்கா!

"எல்லாருக்கும் அதே சிம்னிதான, ஒனக்கு மட்டும் ஏன்? வூட்ல இன்னா எரிக்கிற?"ன்னு கேட்டுச்சி. "கிருஷ்ணாயில்"னுட்டேன். படிச்ச பொண்ணாண்ட வேற இன்னாத்த சொல்றது? மடியில மதி இளுத்து இளுத்து மூச்சு வுட்டுகினு கீது. அதப் பாத்துட்டு, "பாப்பாவுக்கும் குத்திப் பாக்கலாமா?"ன்னுச்சி. அதுக்கும் மண்டைய ஆட்டிட்டேன்! இந்தப் பிஞ்சுக் கையில ஊசியாக்கா? அதுவும் என்னுது மாரி மின்னிச்சின்னா?

இன்னாக்கா இருமுற? மூக்க வேற மூடிகினு… ஓ, இதுவா? சைக்கிள் டியூப்பு. எங்க வூட்டுக்காரரு பஞ்சர் கடையில மிச்சம் வுயிறது. அடுப்புல ஒரு துண்டு போட்டா ஜிவ்வுனு புடிச்சிக்கும், வெந்நி சட்டுனு…

அக்கா? இன்னா எந்திரிச்சிட்ட?

…

போறதுதான் போற, தூளியில இருக்கிறவளயும் தூக்கினு போக்கா. கொடியில கீற துணியையும் எட்த்துக்கோ, ஒன் வூட்டாண்ட காயட்டும். நான் இந்தச் சிம்னிய அணைச்சிட்டு வரேன்.