சோலையப்பன் தோளில் கிடந்த துண்டு

கண்வலியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பேசுறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன்... வெத்தலை போடுறவங்க போட்டுக்கிட்டே கேளுங்க, தப்பில்ல.

ராஜபாளையம் பக்கம் சோலையப்பன்னு ஒருத்தர். எத்தனையோ வரன் தட்டிப்போய், கடைசியா அவர் மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைஞ்சுது. நிச்சயதார்த்தத்தன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பார்க்கிறார்... ரெண்டு கண்ணும் பழுத்த மிளகா மாதிரி இருக்கு. மெட்ராஸ் ஐ!

மனுசனுக்குக் கண்ணு உறுத்துனது பெருசாத் தெரியல, பயம்தான் பெருசு. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒட்டிக்கிச்சுன்னா, சகுனம் சரியில்லைன்னு எந்திரிச்சுப் போயிருவாங்களே! சரி, இந்த வியாதி எப்படிப் பரவும்? பார்த்தாப் பரவும். நம்மளுக்குத் தெரியாததா?

திருவிழாக் கடையில வாங்கின கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அதோட விட்டாரா? யாரையும் ஏறெடுத்துப் பார்க்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார். மாப்பிள்ளை வீட்டார் படியேறி வர்றாங்க, இவர் சுவத்துக் காலண்டரைப் பார்த்து "வாங்க, வாங்க"ங்கிறார். மாப்பிள்ளையோட அம்மா சௌந்தரம் பேச்சுக் குடுக்கிறாங்க, இவர் மேல சுத்துற ஃபேனைப் பார்த்துப் பதில் சொல்றார். இந்தச் சம்பந்தம் இவருக்குப் பிடிக்கலையோன்னு அந்தம்மா புருசன் காதைக் கடிச்சிருக்காங்க. வாயைத் திறந்து கண்வலின்னு சொன்னாத்தான் என்ன? சொல்ல மாட்டார்...

ஆனா மரியாதையில குறை வைப்பாரா? பந்தி முடிஞ்சு கை கழுவுற இடத்துல, பொண்ணைப் பெத்தவர் தானே நின்னு துண்டு குடுக்கணும்ல? குடுத்தார். தோள்ல கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளைக்கு நீட்டினார். எந்தத் துண்டு? காலையில இருந்து கண்ணாடிக்குள்ள விட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரே... அதே துண்டு. மாப்பிள்ளை கையைத் தொடைச்சார், வேர்த்த முகத்தையும் தொடைச்சார். அப்புறம் அவங்கப்பா. அப்புறம் சௌந்தரம். நடுவுல இவருக்குக் கண்ணுல தண்ணி வந்தா, வாங்கி ஒத்திக்கிட்டுத் திரும்பக் குடுத்தார். அவ்வளவு மரியாதை. ஆனா யாரையும் பார்க்க மட்டும் செய்யல... சத்தியமாப் பார்க்கல.

அந்த வாரம் முடியல, சௌந்தரம் போன் பண்றாங்க. அங்க அத்தனை பேருக்கும் கண்ணு செவந்து, விடிஞ்சா இமை ஒட்டிக்கிடக்காம். யார் துண்டையாவது வாங்கித் தொடைச்சீங்களான்னு டாக்டர் கேட்டாராம்.

சோலையப்பன் அழாத குறையா, "தங்கச்சி, நான் உங்க யாரையும் பார்க்கவே இல்லையே"ன்னார்.

அதுக்குச் சௌந்தரம் சொன்னாங்க...

"அண்ணே, நிச்சயம் பண்ணது பண்ணதுதான், அதுல மாத்தமில்ல. கல்யாணத்தன்னைக்கு எங்களை எம்புட்டு வேணாலும் பாருங்க. தோள்ல துண்டு மட்டும் போட்டுட்டு வராதீங்க."

கல்யாண போட்டோவுல வெறுந்தோளோட நிக்கிறாரே ஒரு தகப்பன்... அவர்தான்.

இதை எதுக்குச் சொல்றேன்? இந்த வியாதி பார்வையில போறதில்லீங்க. கையில போகும், துண்டுல போகும், தலையணையில போகும், ஒருத்தர் கண்மையை இன்னொருத்தர் எடுத்துப் போட்டாப் போகும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சம் கூசாம இருக்கத்தான், கிருமியைக் கட்டிவைக்க இல்ல. வந்துருச்சா? வாயைத் திறந்து சொல்லிட்டு வீட்டுல இருங்க. உங்க துண்டு உங்களுக்கு மட்டும்தான். கண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா வடிஞ்சிரும். பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்தை இரவல் வாங்கி ஊத்தாதீங்க. பார்வை மங்குனாலோ, வலி தாங்க முடியலைன்னாலோ, அன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க.

மூணாவது வரிசையில கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிற அண்ணே... உங்களைத்தான். நீங்க எங்களைத் தாராளமாப் பார்க்கலாம். ஆனா, பக்கத்துல இருக்கிற அக்காகிட்ட இப்ப ஒரு கைக்குட்டை வாங்கிக் கண்ணைத் தொடைச்சீங்களே... தயவுபண்ணி அதைத் திருப்பிக் குடுத்துராதீங்க.