பாத்ரூம் பூமிக்குள்ள போயிடுச்சு சார்

ஹலோ... ஹலோ! இன்சூரன்ஸ் ராஜேந்திரன் சாருங்களா? ... ஆமா, ஆமா, நான்தான், கோரமண்டல் ஏரியா ஐடா. வீட்டு லோன் வாங்கும்போது பாலிசி போட்டுக் குடுத்தீங்களே, அந்த ஐடா... சார், எங்க பாத்ரூம் பூமிக்குள்ள போயிடுச்சு சார்!

... இல்ல சார், சிரிக்கல. ... சரி, சிரிக்கிறேன். நிறுத்த முடியல, இன்னா பண்றது? காலையில இருந்து இப்படித்தான். பக்கத்து வீட்டு பிலோமினாக்கா போன்ல இருந்து பேசறேன், அவங்களும் வாயைப் பொத்திக்கினு நிக்கறாங்க...

... ஆமா, பின்னால தனியா கட்டியிருந்தமே, அதேதான். ... இடியல சார். நின்ன மேனிக்கு, தங்கச் சுரங்க ஷாஃப்டுல ஆளுங்களை ஏத்திக்கினு கேஜ் எறங்குமே, அந்த மாதிரி எறங்கிடுச்சு. கீழ பழைய சுரங்கம் போகுதாம், மண்ணு உள்வாங்கிடுச்சுன்னு சொல்றாங்க. ... உள்ளயா? எங்க வீட்டுக்காரரு இருந்தாரு சார். ஏனோக். தலைக்கு சோப்பு போட்டுக்கினு இருந்தாரு.

... ஐயோ, பயப்படாதீங்க! நல்லா கீறாரு. ஒரு சிராய்ப்பு இல்ல. கயிறு போட்டுத் தூக்கினாங்க. ஆனா துண்டு கீழயே மாட்டிக்கிச்சு... ஆமா... ஆமா சார், தெருவே நிக்குது! அவரு சர்ச் பேண்டுல பெரிய டிரம் அடிக்கறவரு. பாத்ரூம் செவுத்துல சாச்சி வெச்சிருந்தாரு, அதுவும் கூடவே உருண்டு உள்ள போயிடுச்சு. அதையே முன்னால கட்டிப் புடிச்சிக்கினு மேல வந்தாரு! ... சிரிங்க சார், சிரிங்க. அவரே சிரிச்சாரு.

... ம். ... ம். கேக்கறேன், சொல்லுங்க. ... பூகம்பம் வேற, நிலம் உள்வாங்கறது வேறயா? ... ரெண்டுமே பாலிசியில கீதா! பிலோமினாக்கா, கீதாம்! ... டிரம்மா? தோலு கிழிஞ்சி போச்சு சார். ... டிரம் அடிச்சி சம்பாதிக்கறாரான்னா? யாரு, எங்க ஆளா? ஈஸ்டருக்கு அடிப்பாரு, பிரியாணி போடுவாங்க. அது வருமானமா? ... டிரம்மு யாருதுன்னா... சர்ச்சுதுதான். ... ஓ. நம்ம பொருளா இருக்கணுமா. சரி விடுங்க, பொய் சொல்ல மாட்டேன். பாஸ்டர்கிட்ட நானே பேசிக்கறேன்.

அப்பறம் வான்கோழி ஒண்ணு சார்... கிறிஸ்துமஸுக்கு வளக்கறது. அதுவும் பள்ளத்துல. ... உயிர்ப் பிராணிக்குக் கிடையாதா? ... செத்தாத்தானே பேஜாரு! அது உள்ள நின்னுக்கினு எங்களைத் திட்டிக்கினு கீது...

... நானா? ... எனக்கு இன்னா சார், நல்லாத்தான்...

... இல்ல. அழல. ... எல்லாரும் அவரைத்தான் கேட்டாங்க, என்னை நீங்கதான் கேட்டீங்க. ஒரே புழுதி சார். ஓரத்துல நின்னு ஏங்க, ஏங்கன்னு கத்துறேன், பதிலே இல்ல. நானும் குதிச்சிடலாமான்னு நெனச்சேன். அப்பறம் அடியில இருந்து, "ஐடா, கண்ணுல சோப்பு, தண்ணி ஊத்து"ன்னாரு. அதுல ஆரம்பிச்ச சிரிப்பு சார் இது...

... ம். தண்ணி குடிக்கறேன். ... குடிச்சிட்டேன், சொல்லுங்க. ... வீட்டுக்குள்ளயா? சமையல் ரூம் செவுத்துல விரிசல், கை நுழையும். ... இல்ல, உள்ள போக மாட்டோம். ... நீங்க ஃபோட்டோ புடிக்கற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது. சரி, சரி. ... வான்கோழியையாவது தூக்கலாமா? ... தூக்கலாம். சரி.

... இன்னா? திரும்பச் சொல்லுங்க. ... ரிப்பேர் முடியற வரைக்கும் வேற எடத்துல தங்கற வாடகையும் வருமா? ... லாட்ஜுல கூடவா? ராபர்ட்சன்பேட்டை லாட்ஜுல? ... உங்க கம்பெனி சர்வேயர் வந்து பாத்து, வீடு தங்க லாயக்கில்லன்னு எழுதணும்... எழுதுவாரு சார், அந்தப் பள்ளத்தை எட்டிப் பாத்தா எழுதாம இருப்பாரா!

சார், கல்யாணமாயி இத்தினி வருஷத்துல நாங்க ஒரு நாள் லாட்ஜுல தங்குனதில்ல. ... காபி ரூமுக்கே கொண்டாருவாங்களா? ... மெத்தை? ... ஒரு நிமிஷம் இருங்க சார். ஏங்க! ஏங்க, இங்க வாங்க! அந்தப் போர்வையைக் கழட்டிட்டு, பிலோமினாக்கா வீட்டு அண்ணன்கிட்ட நல்ல சட்டையா ஒண்ணு வாங்கிப் போடுங்க! ... எதுக்கா? நாம ரெண்டு பேரும் லாட்ஜுக்குப் போறோம்!

... சார், வெக்கறேன். சீக்கிரம் வாங்க... இவரு பாருங்க, தலை சீவ ஆரம்பிச்சிட்டாரு!