கூறு போட்டவர்கள்

ஐம்பதுகளில் ஒரு தேர்தல் முடிந்த வாரம், சித்தூர் மாவட்டத்துப் புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் என் எதிரே ஒரு விவசாயியும் அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். விவசாயிதான் ஆரம்பித்தார்.

"ஆட்ட அறுத்து கூறு போட்டவன் கடைசியிலதான எடுக்கணும்?"

"ஆமா மாமா. அப்பதான சமமா போடுவான்."

"தொகுதிய கூறு போட்ட தெலுங்குக்காரங்க மொதல்ல எடுத்துக்கினாங்க. எங்க ஏரியச் சுத்தி இருக்கிற தமிழ் ஊருங்கள ஒண்ணா உட்டிருந்தா என் தம்பி ஜெயிச்சிருப்பான். மூணு தொகுதிக்குப் பிரிச்சி உட்டாங்க. மூணுலயும் நம்ம ஆளுங்க கொஞ்சம் கொஞ்சம் இருக்காங்க, ஒண்ணுலயும் ஜெயிக்க முடியாது."

"உன் ஓட்டாவது தம்பிக்கு உழுந்திச்சா?"

"எங்க உழும்? அவன் வூடு ஏரிக்கு அந்தாண்ட, என் வூடு இந்தாண்ட. ஓட்டுச்சாவடில, தேர்தல்ல நிக்கிற ஆளுக்கொரு பொட்டி வெச்சிருந்தாங்க. என் கூடப் பொறந்தவன் சின்னம் ஒட்டின பொட்டி மட்டும் இல்ல. அவன் வேற தொகுதியாம்."

"அப்ப எதுல போட்ட?"

அவர் இடுப்பு மடிப்பைப் பிரித்து, கசங்கிய ஓட்டுச் சீட்டை எடுத்துத் தொடைமேல் வைத்தார்.

"போட்டா எவன் கூறுல சேரும்னு தெரியும். அதான் என் கூற நானே எடுத்துக்கினு வந்துட்டேன்."