வேலை நேரத்தில் வந்த அழைப்பு

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. யாராவது சொல்லும் வரை நான் உட்காருவதில்லை. நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்ப் போய் வந்த பழக்கம். நீங்களும் அவர்களைப் போலவே "உன்னப் பத்திச் சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். பெயர் அடோமாக்கோ. ஊர் இந்தக் குமாசிதான். கணக்கியல் படித்தவன். படித்து முடித்து எத்தனை அலுவலக வாசல்களில் காத்துக் கிடந்தேன் என்று கேட்காதீர்கள். சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

அப்பா அம்மா இல்லை. அண்ணன் பாஃபோர்தான் என்னைப் படிக்க வைத்தான். மர அறுவை ஆலையில் அவனுக்கு வேலை. அந்தத் தூள் நெஞ்சில் சேர்ந்து, ஆஸ்துமா முற்றி, வீட்டோடு முடங்கிவிட்டான். நான் தேர்வுக்குப் போவதற்கு முந்தின நாளெல்லாம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதிகாரி வேஷம் கட்டுவான்.

"உன்ன எதுக்குப்பா எடுக்கணும்?"

"நேர்மையா உழைப்பேன் சார்."

"அடச்சே. வெளிய நிக்கிற அத்தன பேரும் அதத்தான சொல்றான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உக்காந்தப்புறமும் அவங்களுக்கு உன் மூஞ்சி ஞாபகம் வரணும்டா."

நவம்பரில் ஒரு கோக்கோ கொள்முதல் நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். பாஃபோர் எனக்கு டை கட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "மாப்பிள்ள மாதிரி இருக்க" என்றான். பேருந்து நிலையக் கழிப்பறையில் அந்த டையைக் கழற்றிப் பையில் வைத்தேன். கறுப்புத் துக்கத் துணியைத் தோளில் போட்டு, சிவப்புப் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டேன். அறைக்குள் போய், உட்காராமல், இப்படிச் சொன்னேன்:

"இன்று விடியற்காலை என் அண்ணன் காலமானார். வருவதாக உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அதனால் வந்தேன்."

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். தலைமை அதிகாரி செர்வா அம்மா மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கியலில் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன், அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலை கிடைத்தது. பாஃபோரிடம் உண்மையைச் சொன்னேன். இருமல் வரும் வரை சிரித்தான்.

"நான் செத்ததுக்கா உனக்கு வேல குடுத்தாங்க? அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்து உன் சம்பளத்தத் தின்னுட்டுப் போறேன்."

ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா? இங்கே கல்யாணத்துக்கு வராதவன்கூட இழவுக்கு வந்துவிடுவான். கூட வேலை செய்கிறவன் வீட்டுத் துக்கம் என்றால் அலுவலகமே ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு பேருந்து பிடித்து வரும். சேர்ந்த முதல் நாளே செர்வா அம்மா கேட்டார்.

"அடக்கம் எப்பன்னு முடிவாச்சாப்பா?"

"குடும்பத்துப் பெரியவங்க இன்னும் கூடிப் பேசலம்மா."

அதை நம்பினார். பெரியவர்கள் ஒத்துப்போகும் வரை உடலைப் பனியறையில் மாதக்கணக்கில் வைப்பது நமக்குப் புதிதா என்ன? ஆனால் நாள் ஓட ஓட அவருக்கு என் மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் எல்லாருக்கும் துணி எடுத்துவிட்டார். வெளிர்கறுப்பில் சின்னச் சின்னக் கோக்கோ இலை போட்ட துணி. "பெரியவங்கள நானே வந்து பாத்துப் பேசறேன்" என்று வேறு சொல்லிவிட்டார்.

பாஃபோரை வடக்கே மாமா வீட்டுக்குப் போகச் சொன்னேன். "அங்க புழுதி ஜாஸ்திடா" என்றான். அவன் சொன்னது சரிதான். ஹர்மாட்டான் புழுதிக்காற்று அப்போதே தொடங்கியிருந்தது. குமாசியிலேயே எதிர்வீடு தெரியவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை இருப்புச் சரிபார்ப்புக்காகக் கிடங்குக்குப் போனேன். அவனுடைய இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. மறதியில் எடுத்துப் போனதல்ல. மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அவன் பெயர் தெரிந்தது. வேலை நேரத்தில் சொந்த அழைப்புகளை எடுக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மறுபடி அதிர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. என் கணக்கில் ஒரு மூட்டைகூடப் பிசகவில்லை, நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து இன்ஹேலரை அவன் தலையணைக்கடியில் வைத்தேன். களைத்துப் போயிருந்தேன். அழுகை வந்தது. அது நடிப்பில்லை ஐயா.

அடக்கத்துக்கு அலுவலகம் முழுக்க வந்தது. கோக்கோ இலைத் துணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எங்கள் தெருவில் கென்கே விற்கும் டூஃபியே அக்கா ஒப்பாரியைத் தொடங்கும் வரைக்கும்.

"பாஃபோரே, கிறிஸ்துமஸ் அன்னிக்கு என் கென்கேயத் தின்னுட்டு உப்பே இல்லன்னு சண்ட போட்டியே. மீன் தல எங்கன்னு கேட்டியே. இனி யாருடா எங்கிட்டச் சண்ட போடுவா?"

செர்வா அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் போய் உட்கார்ந்து மெதுவாக என்னவோ கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் எதையும் மறுக்கவில்லை. இன்ஹேலரை எடுத்துப் போனது நான். அழைப்பை எடுக்காததும் நான். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தேர்வில் பொய் சொல்லி வேலை வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் அண்ணன் இறந்துவிட்டான் என்றுதான் சொன்னேன். கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.