ஜூலிக்குக் கொடுத்த நான்கு தவணைகள்

பள்ளிக்கூடத்துச் சின்னக் கதிரையில் உட்கார்ந்த பெரிய மனிதனால் நெடுநேரம் கோபமாக இருக்க முடியாது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும், குரல் தானாக இறங்கிவிடும். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நான் கண்டுவந்தது இது. எங்கள் மத்தியஸ்த சபை கூடுவது மூன்றாம் வகுப்பு அறையில். பெரிய கதிரைகள் தருவதாக அதிபர் இரண்டு முறை சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

என் பெயர் லோரன்ஸ். ஓய்வு பெற்ற தபாலதிபர். அந்தக் கடுதாசியில் இருப்பது என் கையெழுத்தா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என்னுடையதுதான். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஏன் எழுதினேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போகக்கூடிய சின்னச் சண்டைகள் முதலில் எங்களிடம் வரும். மூன்று பேர் உட்கார்ந்து இரு தரப்பையும் பேச வைப்போம். இணங்கினால் கையொப்பம் வாங்கி மூடிவிடுவோம். இணங்காவிட்டால் இணக்கமில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுப்போம். அது இருந்தால்தான் வழக்கு மேலே போகும். அந்தச் சான்றிதழை நான் இத்தனை வருஷத்தில் ஏழு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மற்ற எல்லாரும் கை குலுக்கிவிட்டுத்தான் போனார்கள்.

மனிதர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். மாத்தளை வீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் இருவர். வெள்ளம் வந்த நாளில் ஒருவர் தன் வாசலில் மண்மூட்டை அடுக்க, தண்ணீர் மற்றவரின் கடைக்குள் புகுந்துவிட்டது. அவர் மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் முதலாமவரின் மண்டை உடைந்தது. என் முன்னால் உட்கார்ந்து பேசியபோது என்ன வெளிவந்தது தெரியுமா? அடித்தவருக்கு, தன் மகளின் கலியாணத்துக்கு மற்றவர் வரவில்லை என்ற மனக்குறை. அடிப்பவன் சொல்லத் தெரியாதவன். எதிரே உட்கார வைத்துவிட்டால் சொல்லிவிடுவான், கை தானாக இறங்கிவிடும். இதை நான் வேதம்போல நம்பினேன்.

ஜூலி போன வருஷம் ஆவணியில் வந்தாள். கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. கணவன் மோகனராஜ், வீடுகளுக்கு வயரிங் செய்பவன். சிறு காயம் என்று பொலிஸ் அனுப்பியிருந்தது. உட்காருமுன் கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்தாள். பிறகு அவனுடையதையும் துடைத்தாள். அதைப் பார்த்ததுமே இது இலேசாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். அன்றைக்கு முடிந்தும்விட்டது. அவன் அழுதான், அவள் கையொப்பமிட்டாள்.

மார்கழியில் மறுபடி வந்தார்கள். இம்முறை இடது கையால் கையொப்பமிட்டாள், வலது கை மாவுக்கட்டில் இருந்தது. பரவாயில்லை, எழுத்து வாசிக்கக்கூடியதாகவே இருந்தது.

மூன்றாம் தடவை அவள் கையொப்பமிட மறுத்தாள். "சேர், எனக்கு அந்தத் துண்டக் குடுத்துருங்க. நான் கோட்டுக்குப் போறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். களைப்பில் எடுக்கும் முடிவு நிலைக்காது என்று சொல்லி, வேறு நாள் குறித்து இன்னொரு தவணை கொடுத்தேன்.

என்னோடு இருந்த ஹிதாயா அதற்கு ஒப்பவில்லை. அவர் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல மாதாக இருந்தவர், எத்தனையோ வீட்டு அறைக்குள் போய் வந்தவர். மூன்றாமவர் நான் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

நான்காம் தவணைக்கு ஜூலி தனியாக வந்தாள். வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும், கடுகண்ணாவையில் அக்கா மேபலோடு இருப்பதாகவும் சொன்னாள். கடிதம் அனுப்புவதற்காக முகவரியும் வழியும் சொன்னாள். "அவருக்கு மட்டும் காட்டிறாதீங்க சேர். அக்கா எட்டு மணிக்குக் கார்மெண்டுக்குப் போனதும் நான் தனியாத்தான் இருப்பேன்" என்றாள். நான் சரி என்று தலையசைத்தேன்.

அவள் போனதும் ஹிதாயா சொன்னார். "சேர், இந்தப் புள்ள பொய் சொல்லல்ல. கடதாசியக் குடுத்திடுவோம். இனியும் இழுத்தா பாவம்."

அப்போதுதான் என் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கலியாணம் முடித்த புதிதில் நானும் இரண்டொரு தடவை கை ஓங்கியிருக்கிறேன். என் மனைவி பரிமளத்துக்கு இடது காது கேட்காமல் போனது அப்போதுதான். ஆனால் அவள் என்னை விட்டுப் போனாளா? முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நாங்கள் சேர்ந்தே போகிறோம். நான் எப்போதும் அவளுடைய வலது பக்கமாகத்தான் நடப்பேன், பேசுவது கேட்க வேண்டுமே. பொறுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு நானே சாட்சி என்றேன்.

ஹிதாயா மேசையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவங்க போகல்லயா, இல்லாட்டி போக எடமில்லயா சேர்?"

சபையில் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஹிதாயா விடாப்பிடியாக நின்றதால், அடுத்த சனிக்கிழமை ஜூலிக்குச் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் அந்தக் கேள்வியோடு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பரிமளம் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜூலி அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டால், இங்கே நிற்கிற இவள் ஏன் நிற்கிறாள் என்று நான் யாரிடம் கேட்பது? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை பத்து மணியளவில் மோகனராஜ் மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஜூலியின் குடை இருந்தது. பிடித்துக்கொண்டு வந்தானே தவிர விரிக்கவில்லை. அவளுடைய குடையாம், கொடுக்க வேண்டுமாம். "ஒரே ஒரு தடவ பேசணும் சேர். அட்ரஸக் குடுங்க, மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று அழுதான். நான் அவனை நம்பினேன். இல்லை, நம்ப விரும்பினேன். சனிக்கிழமைக்கு முன் இரண்டு பேரும் பேசிச் சேர்ந்துவிட்டால் சான்றிதழுக்கே வேலையில்லை. ஹிதாயாவின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பரிமளம் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. "குடுக்காதீங்க" என்றாள்.

முப்பத்துநான்கு வருஷத்தில் அவள் என்னை ஒன்றைச் செய்யாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அவளுக்குக் காது சரியாக் கேக்காது தம்பி, என்ன பேசுறோம்னு வெளங்கல" என்று மோகனராஜிடம் சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தேன்.

தபாலதிபர் எழுதிய முகவரி, பிழை இருக்காது. கடுகண்ணாவையில் எந்த இடத்தில் இறங்குவது, ரயில் பாதையை எங்கே கடப்பது, நீல கேற்றுக்கு எதிர்ப்பக்கத்து வீடு என்பது வரை எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது, அதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். 'எட்டு மணிக்குப் பின் போகவும்.' மேபல் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறவள் என்று மோகனராஜ் சொல்லியிருந்தான். அவள் இருந்தால் இவர்களைப் பேச விடமாட்டாள். புருஷனும் பெண்சாதியும் பேசும்போது வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜூலியின் தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருந்தது. அவன் வருகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறந்துபோகவில்லை. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். சொன்னால் அவள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்தது, அதனால் சொல்லவில்லை.

அவன் வியாழக்கிழமை எட்டரைக்குப் போயிருக்கிறான். மற்றதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள்.

செத்த வீட்டுக்கு நான் போனேன். பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். யாரோ எனக்குக் கதிரை போட்டார்கள், என்னால் உட்கார முடியவில்லை. கைலேஞ்சியால் அந்தக் கதிரையை ஒருமுறை துடைத்தேன், ஏன் துடைத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு அழுதேன். உண்மையாகவே அழுதேன் ஐயா. என் பிள்ளை என்றிருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஹிதாயா வாசலில் நின்றார். நான் வந்த பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தால் பரிமளம் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மேசையில் சோறு மூடி வைத்திருந்தது.

அவளுக்கும் கோபம், தணிந்ததும் வருவாள்.

ஜூலியைக் கொன்றது மோகனராஜ். வழி காட்டியது நான், நேரம் குறித்துக் கொடுத்ததும் நான். அப்படியே எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன். தண்டனைக்கு நான் பயப்படவில்லை.

ஒரே ஒரு உதவிதான் கேட்கிறேன். போன கிழமை மறியல் சிறையில் மோகனராஜைப் போய்ப் பார்த்தேன். மேபலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். நான் மேபலிடம் போய்ச் சொன்னேன், பத்து நிமிஷம் எதிரே உட்கார்ந்தால் போதும் என்று. அவள் கேற்றைத் திறக்காமலே நின்றாள். "சேர், அவ செத்துட்டா சேர். இனி யாரோட இணங்கச் சொல்றீங்க?" என்றாள்.

இப்போது அப்படித்தான் பேசுவாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி இன்னொரு தவணை கொடுத்துப் பாருங்கள், வருவாள்.