கம்பி எண்ணப் போறோம்

தேநீரில் சீனி கூடியிருந்தால் சொல்லுங்கள், ஐயா. எனக்குக் குறைத்துப் போட வராது. சீனி கிடைக்காத காலத்திலும் தோட்டத்திலிருந்து நனைந்து வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி சேர்த்தே கலக்கியிருக்கிறேன். புளத்கொகுபிட்டியக் கடைவீதியில் செல்லத்துரை கடை என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள்.

கன்னையாவின் கருணை மனுவுக்காக வந்திருக்கிறீர்கள். அவனைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவன் இல்லை.

மேலே உள்ள தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினான். மாலையில் தவறாமல் கடைக்கு வருவான். என் மனைவி மீனாம்பாள் இறந்து அப்போது ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சாமி படத்துக்குப் பூ வைத்தபின் நான் வாய் திறந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவன் பேச்சில் எதுவும் அதனதன் இடத்தில் இராது. சூடாகத் தேநீர் கொடுத்தால், "வயித்துல புளியக் கரைச்சிட்டீங்க மொதலாளி" என்று கும்பிடுவான். பால் வார்த்ததைத்தான் அப்படிச் சொல்கிறான். ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றினால், "என் காதுல மிளகா அரைக்காதீங்க" என்பான். பக்கத்துக் கடைத் தையற்காரர் றஊப் நானா விடமாட்டார்.

"கன்னையா, ஒன் பேச்சப் பிரிச்சுத் தைச்சுத் தரவா? கை இருக்க வேண்டிய எடத்துல காலு இருக்கு."

"தைங்க நானா. அளவு மட்டும் எடுக்காதீங்க."

நான் ஒருநாளும் அவனைத் திருத்தவில்லை. மற்றவனுடைய குறையைச் சுட்டிக்காட்டாமல் இருப்பதும் ஒரு தர்மம்தான். அதோடு, படுக்கப் போகும்போது அவன் சொன்னதை நினைத்துத் தனியே சிரிப்பேன். அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் அவன் ஓடிவந்தான். "மொதலாளி, அடுத்த மாசம் நாங்க குடும்பத்தோட கம்பி எண்ணப் போறோம்."

கம்பி நீட்டுவதைச் சொன்னான். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போக இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல். மனைவி மருதாயி, மகள் எல்லோரும் போகிறார்கள். அன்று சிரித்த மாதிரி நான் எப்போதும் சிரித்ததில்லை. பிறகு கடையை மூடிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

அவனுக்கும் அவன் லயத்து வீட்டு வரிசையில் இருந்த இருளப்பனுக்கும் தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்று பழைய சண்டை. அடிதடிவரை போனது தோட்டத்துக்கே தெரியும். கப்பலேறும் நாள் நெருங்கியபோது, ஒரு மழை நாளின் அந்தியில், இருளப்பன் கசிப்புக் குடித்துவிட்டுக் கடைவீதி வழியாகப் போனான். பலர் பார்த்தார்கள். மறுநாள் காலை, மழைத்தண்ணீர் ஓடும் தோட்டத்துக் கானுக்குக் கீழே பாறையில் மண்டை உடைந்து கிடந்தான்.

கன்னையா ஏதாவது சொன்னானா என்று போலீஸ் கேட்டது. சொன்னான் என்றேன். கேகாலைக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து அதையே சொன்னேன். "இருளப்பனத் தீர்த்துக் கட்டிட்டேன் மொதலாளி." அவன் வாயிலிருந்து வந்த சொல். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். கொன்றுவிட்டேன் என்று அர்த்தம் என்றேன். தமிழ் தெரிந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். கன்னையா சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. சண்டையைத் தீர்த்து வைத்ததைச் சொன்னான். அந்த மழை நாளின் பகலில் பீலியடியில் இருவரும் ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார்களாம்.

கூண்டில் நின்று அவனே விளக்கினான். "நான் சமாதானமாத்தான் தீர்த்துக் கட்டினேங்க."

கோர்ட்டில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பதினைந்து வருஷம் கிடைத்தது. மருதாயியும் மகளும் குறித்த கப்பலில் போனார்கள். தங்கிவிட்டால் அந்தப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் போய்விடும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். வழிக்குப் பிஸ்கட்டும் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தேன். மருதாயி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போகிறேன். முறுக்கு, வாழைப்பழம், கோயில் திருநீறு. ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் அவன் இப்போது ஒவ்வொரு சொல்லாக யோசித்து, சரியாகத்தான் பேசுகிறான். போன மாதம், "கம்பி எண்ணிக்கிட்டு இருக்கேன் மொதலாளி. சரியாச் சொல்றேனா?" என்று கேட்டான். சரிதான் என்றேன். முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருளப்பன் செத்த அன்று அவன் எப்போது கடைக்கு வந்தான் என்று வந்தவுடனே கேட்டீர்கள். விளக்கு வைத்த பிறகு என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன்.

அன்று விளக்கை ஏற்றியவனே அவன்தான், ஐயா. கருவாடு எடை போட்ட கையால் நான் சாமி விளக்கைத் தொடுவதில்லை. அவனை ஏற்றச் சொன்னேன். அவன் திரியைத் தூண்டும்போது இருளப்பன் மழையில் பாடிக்கொண்டு தெருவில் போனான். இவனைப் பார்த்துக் கை ஆட்டினான். இவனும் ஆட்டினான். திரும்பி என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான். கடை மூடும்வரை என்னோடுதான் இருந்தான். மழையில் கடைக்குள் வேறு ஆள் வரவில்லை.

விளக்கு ஏற்றியதைக் கன்னையாவும் கோர்ட்டில் சொன்னான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "மொதலாளி மறந்திருப்பாருங்க. அவரு பொய் பேச மாட்டாரு" என்றான்.

நான் மறக்கவில்லை. பின்னறையைக் கூட்டி, அவனுக்கென்று ஒரு கட்டிலும் போட்டு வைத்திருக்கிறேன். மனுவை நன்றாக எழுதுங்கள். வெளியே வந்தால் போக அவனுக்கு ஓரிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஒரு நல்ல மனிதர் இருக்கிறார் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள், ஐயா.